நடு வயலில் போட்ட குலவை

வயலில் இறங்கியதும் வெள்ளத்தாய் நாற்றைத் தொடுவதில்லை. வலது காலின் பெருவிரலைச் சேற்றுக்குள் திருகி இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். உழுது கலக்கிய தொழி சரியாக இருந்தால் விரல் வெண்ணெய்க்குள் போவதுபோலப் போகும்; கட்டி தட்டினால் முகம் சுருங்கும். வரப்பில் குடை பிடித்து நிற்கும் நிலத்துக்காரர் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "தொழி இன்னும் வேகல. டிராக்டர்காரனுக்குப் பசி போல, பாதியில ஓடிட்டான்" என்று அவள் சொல்லிவிட்டால், பின்னால் நிற்கும் பெண்களில் ஒருத்தியும் வயலுக்குள் கால் வைக்க மாட்டாள். நிலத்துக்காரர் குடையை மடக்கிக்கொண்டு டிராக்டரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே, மலைப் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும் வில்லாங்கரையில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் வெள்ளத்தாயிடம்தான் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் நிறம் வேறு. எத்தனை தேய்த்தாலும் போகாத செம்மண் அங்கே படிந்துவிட்டது. சேலையை அவள் தூக்கிச் செருகும் உயரத்தை வைத்தே அன்றைக்கு எத்தனை ஆழச் சேறு என்று மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். கீழுதட்டில் எப்போதும் ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். குலவை போடும் முன் மட்டும் அதைத் துப்பிவிடுவாள். "சாமிய கூப்பிடுற வாயில பொயலய வச்சுக்கிட்டா கூப்பிடுறது?"

பேச்சுக் குரல் அவளுக்குக் கொஞ்சம். நாலடி தள்ளி நிற்பவருக்குக் கரகரப்பு மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது. அவள் கணவர் பால்ச்சாமி இராஜபாளையத்தில் பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிறவர், வாய் ஓயாதவர். "வீட்டுல இவ பேசுனா பக்கத்துல இருக்கிற எனக்கே கேக்காது. கொலவ போட்டா மலையில மேயுற மாடு திரும்பிப் பாக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சத்தத்த ஆண்டவன் இவளுக்கு வைக்கல" என்பார். அவள் அதற்கும் பதில் சொல்வாள். என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்காது.

குலவைக்கு அவள் வைத்திருக்கும் சட்டங்கள் கறாரானவை. முதல் நாற்றைச் சனி மூலையில் ஊன்றும்போது ஒரு குலவை. வயல் முடியும்போது ஒன்று. நாற்றுக்கட்டை அங்கே முடி என்பார்கள். எஞ்சியிருக்கும் கடைசி முடியை, கரையோரம் நிற்கிறவள் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவாள். அதைக் கண்டதும் வெள்ளத்தாயின் நாக்கு சுழலும், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நடு வயலில் குலவை ஆகாது. வாய் தவறி யாராவது போட்டுவிட்டால், போட்டவள் கடைசி நாற்று மண்ணில் இறங்கும்வரை கரையேறக் கூடாது. ஏறினால் மிச்ச வயல் பதராகிவிடும். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி தண்ணீர்ப் பாம்பைப் பார்த்துப் போட்ட அலறலைக் குலவையில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒருமுறை தகராறு வந்தது. வெள்ளத்தாய் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: "தொண்டதான் ஆடுச்சு, நாக்கு ஆடல. கணக்குல வராது. ஏட்டி, நீ கரையேறிப் போயித் தண்ணி குடி."

ஓட்டைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. தேர்தல் நாளில் பெரிய வீட்டு டிராக்டர் வரும். தொட்டியில் ஏறிக்கொள்வார்கள். எந்தச் சின்னம் என்று ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை சொல்லப்படும். குத்திவிட்டு வந்து மத்தியானம் நடவுக்கு இறங்கிவிடுவாள். எண்பத்தாறாம் வருஷம் நடந்த பஞ்சாயத்துத் தேர்தலில் பெரிய வீட்டுச் சுந்தரபாண்டியன் தலைவரானார். அதன் பிறகு பத்து வருஷம் தேர்தலே வரவில்லை. பதவிக் காலம் முடிந்த பின்பும் ஊர் அவரைப் பிரசண்டு என்றுதான் கூப்பிட்டது. அது பதவியின் பெயர் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

தொண்ணூற்றாறில் மறுபடி தேர்தல் வந்தபோது ஒரு புதிய சட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. வில்லாங்கரை அந்த மூன்றில் ஒன்றில் விழுந்தது. சுந்தரபாண்டியன் அலட்டிக்கொள்ளவில்லை. மனைவி பெயரில் மனு போட்டார். அந்த அம்மாளை ஊரில் முகம் பார்த்தவர்களே குறைவு. சுவர்களில் அவர் பெயரைச் சின்னதாகவும், 'பிரசிடெண்ட் சுந்தரபாண்டியன் துணைவியார்' என்பதைப் பெரிதாகவும் எழுதினார்கள்.

நடவு வரிசையில் வெள்ளத்தாய்க்கு இடப்பக்கம் நிற்பவள் இசக்கியம்மாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் இராஜபாளையத்தில் மில் வேலை. சோற்றுப் பொட்டலம் கட்டிவந்த தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவாள். அப்படி ஒரு தாளிலிருந்துதான் கஞ்சி நேரத்தில் அந்தச் சட்டத்தை வரப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு, "பொம்பளைக்குன்னு ஒதுக்குனா அது எந்தப் பொம்பளையின்னாலும் நிக்கலாம்தான மதினி?" என்று கேட்டாள்.

"கேக்குறதப் பாரு. ஒனக்கு ஆச இருந்தா நீ நில்லு."

"வெளையாடாதிய."

"நான் எங்கட்டி வெளையாடுதேன்? போன வருசம் குழாய்த் தண்ணிக்கு எல்லாரும் பெரிய வீட்டு வாசல்ல போயி நின்னோமே, அப்ப வாயத் தெறந்தது யாரு? நீதான. நாங்க அம்புட்டுப் பேரும் தரையப் பாத்துக்கிட்டு நின்னோம். பேசத் தெரிஞ்சவ நில்லு. கொலவ போடத் தெரிஞ்சவ நான் போடுதேன்."

அன்று அது பாதி வேடிக்கையாகத்தான் சொல்லப்பட்டது. சாயங்காலம் இசக்கியம்மாள் வீட்டு வாசலில் நடவுக் கூட்டம் முழுவதும் போய் உட்கார்ந்தபோது வேடிக்கை தீர்ந்துவிட்டது.

மனு கொடுத்த மறுநாள் பெரிய வீட்டிலிருந்து சேதி வந்தது. கண்மாய்ப் பாசனத்தில் பாதிக்கு மேல் அவர்கள் வயல். இசக்கியம்மாள் தோற்றால், இனி அந்த வயல்களுக்கு வெள்ளத்தாயின் ஆட்கள் வேண்டியதில்லை. தளவாய்புரம் பக்கமிருந்து ஆள் வரும். சேதியைக் கொண்டுவந்தவர் சுந்தரபாண்டியனின் ஜீப் ஓட்டும் பேச்சிமுத்து. வெள்ளத்தாய் கேட்டுக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்பதைப் பால்ச்சாமிதான் பிற்பாடு சொன்னார். அவள் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையில் அத்தனை வீட்டு அடுப்பும் மாட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டுக் கேட்கப் போனபோது அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. பேசவும் அவசியம் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இசக்கியம்மாளை முன்னால் விட்டுவிட்டு, பின்னால் கைகட்டி நின்றாள். வீட்டுப் பெண்கள் முதலில் பார்த்தது அவளைத்தான்.

வாக்கு எண்ணிக்கை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பள்ளிக்கூடத்தில். செங்கல் ஏற்றும் டிராக்டர் ஒன்றில் வில்லாங்கரைப் பெண்கள் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். வாசலுக்கு வெளியே, ரோட்டிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில் கயிறு கட்டிப் போலீஸ் நிறுத்தியது. கயிற்றை ஒட்டி நின்றால் ஓர் அறையின் ஜன்னல் தெரியும். உள்ளே மேசை, அதிகாரிகள், ஏஜெண்டுகளின் முதுகுகள். இசக்கியம்மாளுக்கு ஏஜெண்டாக அவள் கொழுந்தன் சோலைராஜ் உட்கார்ந்திருந்தான். அவள் ஒரு மூலையில் சுவரோடு சுவராக நின்றாள்.

வெள்ளத்தாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஜன்னலையே பார்த்தாள். யாரோ என்னவோ பிரித்தார்கள், அடுக்கினார்கள். காலைக் கஞ்சி குடித்த வயிறு காய ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் ஒரு அதிகாரி சீட்டுகளைக் கட்டாகக் கட்டி, எல்லா ஏஜெண்டுகளும் பார்க்கட்டும் என்று தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

தலைக்கு மேலே ஒரு கை. கையில் ஒரு கட்டு.

வெள்ளத்தாய்க்கு யோசிக்க நேரமில்லை. புகையிலை வெளியே விழுந்தது, நாக்கு சுழன்றது. அவள் குலவைக்குப் பழகிய மற்ற நாக்குகளும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. உள்ளே அதிகாரியின் கை தூக்கியபடியே நின்றுவிட்டது. ஏட்டு ஒருவர் லத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னம்மா இது? கல்யாண வீடா? உள்ள கவர்ன்மெண்டு வேல நடக்குது."

சோலைராஜ் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து, "அக்கா, என்ன பண்ணுதிய? இது வார்டு மெம்பர் சீட்டு. பிரிச்சுக் கட்டுதாக. தலைவர் ஓட்ட இன்னும் எண்ணவே ஆரம்பிக்கல" என்று கத்தினான்.

எதிர்க் கூட்டத்தில் சிரிப்பு பொங்கியது. ஜீப்பில் சாய்ந்து நின்ற பேச்சிமுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என்னத்தா, நடவு முடிஞ்சிருச்சா? அப்பொ மூஞ்சி கை கழுவிட்டு வீட்டப் பாத்துப் போங்க. இனிமே அடுத்த நடவுக்கும் ஒங்களுக்கு வேல இருக்காது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "யக்கா. நடு வயல்ல போட்டுட்டியே."

வெள்ளத்தாய் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மண்பாதையின் நடுவில் இருந்தன. அவற்றை இன்னும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டாள். "நீங்க போயி வேப்பமரத்து நெழல்ல ஒக்காருங்க. நான் போட்டது. நான் நிக்கேன்."

வெயில் ஏறியது. கட்சிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏட்டு இரண்டு தடவை வந்து பார்த்தார்.

"ஏம்மா, ஓரமா போயி ஒக்காரலாம்ல? மயக்கம் போட்டு விழுந்தா எனக்குல்ல வேல."

"ஒக்காரக் கூடாது அய்யா."

"யாரு சொன்னா?"

"வயலு."

ஏட்டு பால்ச்சாமியைப் பார்த்தார். கிட்டங்கியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அப்போதுதான் அவர் வந்து இறங்கியிருந்தார். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? நாத்துக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் சொன்னது ஏட்டுக்குக் கேட்கவில்லை. பால்ச்சாமி காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் ஏட்டிடம் சொன்னார்: "ரெண்டையும் குனிஞ்சுதான குத்துதோம்ங்கா சார்."

ஏட்டும் சிரித்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கம் வந்த கூட்டத்தை அவரே ஓரமாக ஒதுக்கிவிட்டார்.

மத்தியானத்துக்குமேல் ரோஸ் நிறச் சீட்டுகள் வெளியே வந்தன. அவைதான் தலைவர் பதவிக்கானவை. முதல் பெட்டியில் பெரிய வீடு வெகுதூரம் முன்னால் போனது. வேப்பமரத்தடியில் ஒருத்தி வாயில் முந்தியை வைத்துக்கொண்டாள். பால்ச்சாமி ஒரு டீயை வாங்கிக்கொண்டு வந்து மனைவியிடம் நீட்டினார். அவள் இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பி வாங்கிக் குடித்தாள். "கால் கடுக்குதா?" என்று கேட்டார். "வயல்லன்னா குளுந்து கெடக்கும். இது பொசுக்குது" என்றாள். அன்று முழுவதும் அவள் சொன்ன குறை அது ஒன்றுதான். அவர் டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிவந்து அவள் பாதத்தைச் சுற்றி ஊற்றினார். எதிர்க் கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். "என் வயலு, நான் தண்ணி பாய்ச்சுதேன். ஒங்களுக்கு என்னலே?" என்றார்.

இரண்டாவது, நடவுப் பெண்கள் குடியிருக்கும் கிழக்குத் தெருக்களின் பெட்டி. அதில் வித்தியாசம் குறைந்தது. மூன்றாவது பெட்டி பாதி எண்ணப்பட்டபோது மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. வேப்பமரம் தாங்கவில்லை, பெண்கள் டீக்கடைத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். வெள்ளத்தாய் மட்டும் தலையில் முந்தியைப் போட்டுக்கொண்டு நின்றாள். பாதை சேறானது. கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிச்சி வந்தது என்கிறார் பால்ச்சாமி. "சேறக் கண்டதும் எருமைக்கு வர்ற மாதிரி ஒரு சந்தோசம் அவளுக்கு."

எண்ணி முடித்தபோது இசக்கியம்மாள் முன்னால் இருந்தாள். சுந்தரபாண்டியன் எழுந்து மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் அவள்தான். மழைச் சத்தத்துக்கு நடுவே மைக்கில் ஊர் பெயரும், இசக்கியம்மாள் என்ற பெயரும், 'வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படுகிறது' என்பதும் கேட்டன. பெரிய வீட்டின் வாசல்படியில் ஏறாமல், எவருடைய துணைவியாராகவும் எழுதப்படாமல் ஒரு பெண்ணின் பெயர் அரசாங்கத்தின் வாயிலிருந்து வருவதை வில்லாங்கரைக்காரர்கள் கேட்டது அதுவே முதல் தடவை.

தாழ்வாரத்திலிருந்து பெண்கள் மழைக்குள் ஓடிவந்து வெள்ளத்தாயைச் சூழ்ந்துகொண்டார்கள். "போடுக்கா, போடு. இப்பப் போடு."

அவள் தலையை ஆட்டினாள். "ஒரு வயலுக்குக் கடைசிக் கொலவ ஒண்ணுதான். அத அப்பமே போட்டாச்சுல்ல?" என்றாள். பிறகு ஜீப் நின்ற பக்கம் பார்த்து, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு நடுத்தரமான சத்தத்தில், "தப்பாப் போடல. கொஞ்சம் முன்னாடி போட்டுட்டேன். அம்புட்டுதான்" என்றாள். பால்ச்சாமிக்கு அது நன்றாகவே கேட்டது.

இரண்டு வருஷம் கழித்து இப்போதும் அந்த நாளைப் பற்றி யாராவது கேட்டால், வெள்ளத்தாய் சட்டத்தைப் பற்றியோ பதவியைப் பற்றியோ பேசுவதில்லை. இசக்கியம்மாள் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரைப் பற்றிக்கூட ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுகிறாள்: "வருது. சில நாளு வராது." இசக்கியம்மாள் ஜெயித்தும்கூடப் பெரிய வீட்டு வயலுக்கு அந்த வருஷம் தளவாய்புரம் பக்கத்து ஆட்கள் வந்ததையும், மறு வருஷம் பேச்சிமுத்து நடவுக்கு ஆள் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றதையும் மற்றவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் சொல்வது வேறு. "எம்புட்டு வயலுக்குக் கொலவ போட்டிருக்கேன். ஒண்ணாச்சும் நம்ம வயலா? வெளைஞ்சா அவியளுக்கு. அன்னைக்கித்தான் நமக்குன்னு ஒண்ணு நட்டோம். அதுக்குப் போட்டேன். அவசரத்துல போட்டேன்." சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அவசரம் அவள் தொழிலில் குற்றம்.

எண்ணிக்கை நடந்த அன்று சாயங்காலம் மழை விட்டது. இசக்கியம்மாள் சான்றிதழை நனையாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து வெள்ளத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க இருந்துட்டி இம்புட்டு வேர்வ ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு வெள்ளத்தாய் அவள் முகத்தைத் தன் ஈர முந்தியால் துடைத்தாள். பெண்கள் டிராக்டர் தொட்டியில் ஏறத் தொடங்கினார்கள்.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. சுந்தரபாண்டியனின் ஜீப் புறப்பட்டு மண்பாதையில் வந்துகொண்டிருந்தது. வில்லாங்கரையில் அந்த ஹாரன் கேட்டால் பெண்கள் பாதையைவிட்டு ஓடையில் இறங்கி, ஜீப் போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது வழக்கம். அந்த ஹாரனுக்கு இசக்கியம்மாளே பழக்கத்தில் ஓரமாக ஓடிவிட்டாள். ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"மதினி, எண்ணி முடிச்சாச்சு. இனிமே நகரலாம்ல?"

ஹாரன் மறுபடி, நீளமாக அடித்தது. வெள்ளத்தாய் பாதையின் நடுவிலேயே நின்று, கொண்டையை அவிழ்த்து, முடியை முன்பக்கம் போட்டு, இரண்டு கையாலும் முறுக்கி மழைத் தண்ணீரை நிதானமாகப் பிழிந்தாள். ஜீப் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றது. பிறகு பின்னால் போய், பாதையோர ஓடைக்குள் ஒரு பக்கச் சக்கரத்தை இறக்கி, சாய்ந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் முடியை உதறி, மறுபடி கொண்டை போட ஆரம்பித்தாள்.